செப்பாங் பந்தயமும் சட்டைப்பைக் கேமராவும்

செந்தூலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்க செப்பாங் போகிறேன். என்னிடம் இருப்பது சட்டைப்பையில் அடங்கும் சின்ன கேமராதான். போன தடவை எடுத்த படங்களில் வண்டி ஒன்று மங்கலாக இருக்கிறது, இல்லாவிட்டால் நிறுத்தி வைத்ததைப் போல் உயிரில்லாமல் நிற்கிறது. பெரிய லென்ஸ் வாங்கினால்தான் சரியாகுமா?”

வாங்க வேண்டாம். அவர் கையில் இருப்பதே போதும்.

நிறுத்தி வைத்ததைப் போல் தெரிவதற்குக் காரணம் எளிது. மணிக்கு 200 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 55.6 மீட்டர். ஷட்டர் 1/1000 விநாடி மட்டும் திறந்தால் அதற்குள் வண்டி 5.6 சென்டிமீட்டர்தான் நகரும். சக்கரம் ஏறத்தாழ 10 டிகிரிதான் சுழலும். சக்கரக் கம்பிகள் உறைந்துபோகும், பின்னணியும் உறைந்துபோகும். அதையே 1/125 ஆக்கினால் சக்கரம் கிட்டத்தட்டக் கால் சுற்று சுழன்றுவிடும். ஆனால் கேமராவை அசையாமல் பிடித்திருந்தால் வண்டியும் 44 சென்டிமீட்டர் இழுபட்டுவிடுமே? அதனால்தான் வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் திருப்புகிறோம். இதற்குப் பேனிங் என்று பெயர்.

பெரிய லென்ஸ்காரர்கள் லென்ஸின் துளையை அகலத் திறந்து பின்னணியைக் கரைப்பார்கள். படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சிறியதாக இருந்தால் அது நடக்காது. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் எல்லாமே தெளிவாக விழும். பேனிங்கில் அந்த வேலையை நேரம் செய்துகொடுக்கிறது. கேமரா நின்ற இடத்திலேயே திரும்பும்போது, அசையாத பொருள் 60 மீட்டர் தள்ளி இருக்கும் விளம்பரப் பலகையானாலும் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செம்பனை மரமானாலும், படத்தில் ஒரே நீளத்துக்குத்தான் கோடாக இழுபடும். தூரம் அந்தக் கணக்கிலேயே வராது. லென்ஸின் குவியத் தொலைவு, திரும்பும் வேகம், ஷட்டர் நேரம், இந்த மூன்றின் பெருக்கல்தான் அந்த நீளம்.

உண்மையான அழகு எந்த இடத்தில் ஷட்டரை அழுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. நேர்த்தடத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். வண்டி அதே 200 கிலோமீட்டர் வேகத்தில் தூரத்திலிருந்து வரும்போது கழுத்து மெல்லத்தான் திரும்பும். நெருங்க நெருங்க வேகம் கூடும். சரியாக உங்களுக்கு நேர் எதிரே வரும் கணத்தில் அது உச்சத்தைத் தொடும்: விநாடிக்கு 64 டிகிரி. பிறகு குறையத் தொடங்கும். மிக வேகமாகத் திரும்ப வேண்டிய இடம் என்பதால் மிகக் கடினமான இடமும் அதுதான் என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. கோணத் திசைவேகம், அதாவது திரும்பும் வேகம், வண்டி நேர் எதிரிலிருந்து விலகியிருக்கும் கோணத்தின் கொசைன் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. உச்சியில் அந்த வளைவு தட்டையாக இருக்கும், அதாவது வேகம் அதிகம், ஆனால் வேகத்தின் மாற்றம் சுழி. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் தயங்குமே, அதைப் போல. ஒரே சீராகக் கையைத் திருப்பினாலே போதும். வண்டி தானாக வந்து அந்த வேகத்தில் பொருந்திக்கொள்ளும்.

எவ்வளவு நேரம் பொருந்தும்? ஒரு அங்குல சென்சார், 20 மெகாபிக்சல், 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்கில் 70 மி.மீ.க்குச் சமானமான குவியத் தொலைவு என்று வைத்துக்கொள்வோம். 1/125 விநாடியில் பின்னணி சுமார் 95 பிக்சல் இழுபடும். வண்டி 3 பிக்சலுக்குள் அடங்கினால் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும். ஆக, கையின் வேகம் 3 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். நேர் எதிரே இருபுறமும் 10 டிகிரி வரை அந்த வரம்பு தாண்டாது. அதற்கு ஆகும் நேரம் 0.3 விநாடி. வண்டி 30 டிகிரியில் இருக்கும்போது அழுத்தினால்? கோண வேகம் மிக விரைவாக மாறும் இடம் அதுதான். கிடைக்கும் நேரம் 0.06 விநாடி, ஐந்தில் ஒரு பங்கு. வண்டி நெருங்கிவிட்ட பதற்றத்தில் எல்லாரும் அழுத்துவது பெரும்பாலும் அங்கேதான்.

நல்ல படம் எடுப்பவரைப் பார்த்தால் “அவருக்குக் கைராசி” என்று சொல்லிவிடுகிறோம். கற்றுக்கொள்ள வருகிற இளைஞரை வாசலோடு திருப்பி அனுப்பும் சொல் அது. இது முக்கோணவியல்; யாருக்கும் வசப்படும். நம் பள்ளி அறிவியல் கழகங்கள் கோப்பைக்கும் பதாகைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை இரண்டு பழைய கேமராக்களுக்கு ஒதுக்கினால், கோணத் திசைவேகத்தைப் பிள்ளைகள் தோள்மூட்டிலேயே உணர்ந்துவிடுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபோகஸ் பற்றிக் கவலை வேண்டாம். சிறிய கேமரா ஃபோகஸ் தேட 0.3 விநாடி எடுத்தால் வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். வண்டி வரும் முன்பே நேர் எதிரே உள்ள தடத்தில் பொத்தானைப் பாதி அழுத்திப் பூட்டிவிடுங்கள். 70 மி.மீ. சமானத்தில் துளையை எஃப்/5.6 வைத்தால் சுமார் 9 மீட்டர் முதல் அடிவானம் வரை தெளிவாகவே இருக்கும். 200 மி.மீ. சமானம் வரை இழுத்தாலும் 31 முதல் 120 மீட்டர் வரை அடங்கும். பின்னணியைக் கரைக்கத் தடையாக இருந்த அதே சிறிய சென்சார் இங்கே கைகொடுக்கிறது.

வெளிச்சம்தான் பெரிய தொல்லை. உச்சிவெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 125, எஃப்/5.6 வைத்தால் ஷட்டர் 1/1000 கேட்கும். துளையை எஃப்/11 வரை சுருக்கினாலும் 1/250 வரைதான் இறங்கும். அதோடு சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் ஒரு புள்ளியின் ஒளி ஆறு பிக்சலுக்குப் பரவி, படம் முழுக்கச் சற்று மழுங்கிவிடும். பல சிறு கேமராக்களின் மெனுவுக்குள் வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும் மூன்று படி என்டி ஃபில்டர் ஒளிந்திருக்கிறது. அதைப் போட்டால் எஃப்/5.6-இலேயே 1/125 கிடைக்கும். பிற்பகல் மழைமேகம் திரண்டதும் அதை எடுத்துவிட மறக்காதீர்கள்.

ஷட்டர் வகையை மெக்கானிக்கல் என்று வையுங்கள். பல சிறு கேமராக்களில் ஷட்டர் இதழ்கள் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சென்சார் முழுதும் ஒரே நேரத்தில் ஒளி பெறும். எலக்ட்ரானிக் ஷட்டர் வரிவரியாகப் படிக்கும். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே நீங்கள் திரும்பிவிடுவதால் விளக்குக் கம்பங்கள் எல்லாம் சாய்ந்து நிற்கும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ழாக் ஆன்றி லார்த்தீக் 1910களில் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கியும், பார்வையாளர்கள் பின்னோக்கியும் சாய்ந்திருப்பது இதே காரணத்தால்தான். அவரது கேமராவில் ஒரு பிளவு தகட்டின் மேல் நகர்ந்து சென்றது. அவர் காரைவிடச் சற்று மெதுவாகத் திரும்பியிருந்தார்.

செப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். பின்பக்க நேர்த்தடம் முடியும் 15ஆவது வளைவு கொண்டை ஊசி போன்றது. அங்கே வண்டிகள் வெகுவாக வேகம் குறைக்கும். 80 கிலோமீட்டருக்கு வந்துவிட்டால், அதே தூரத்திலிருந்து பின்னணி அதே அளவு இழுபட 1/50 விநாடி வேண்டும். வளைவின் உட்புறம், அதன் மையத்தை ஒட்டி இடம் கிடைத்தால் விடாதீர்கள்: தூரம் அதிகம் மாறாது, வண்டி ஒரே சீராகப் போகும்வரை கோண வேகமும் அதிகம் மாறாது, வளைவு நெடுக எங்கே அழுத்தினாலும் சரிதான்.

பழகுவதற்குச் செப்பாங் வரை போக வேண்டியதில்லை. ஜாலான் ஈப்போ கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையில் நின்று, 10 மீட்டர் தள்ளி மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் காப்சாயை, அதாவது சிறு மோட்டார் சைக்கிளைப் பிடியுங்கள். அது விநாடிக்கு 11.1 மீட்டர்; 11.1-ஐப் பத்தால் வகுத்தாலும் 55.6-ஐ ஐம்பதால் வகுத்தாலும் விடை ஒன்றே. தோளுக்கு இரண்டும் ஒரே வண்டிதான். பாதங்களை அழுத்தப்போகும் திசைக்கு நேராக ஊன்றி, இடுப்பை வண்டி வரும் பக்கம் முறுக்கி, முறுக்கு அவிழும்போது அழுத்துங்கள். கழுத்துவாரை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் ஆட்டம் குறையும். திரை சற்றுத் தாமதமாகவே காட்டுவதால் கேமராவுக்கு மேலாக வண்டியைப் பாருங்கள். கை நடுக்கம் தடுக்கும் வசதியில் பேனிங் முறை இருந்தால் அதை வையுங்கள், இல்லாவிட்டால் அணைத்துவிடுங்கள். 1/500-இல் தொடங்குங்கள், பத்தில் நான்கு தேறினால் 1/250, பிறகு 1/125.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னணி தெளிவாக, வண்டி மங்கலாக இருந்தால் அழுத்தும்போது கை நின்றுவிட்டது. வண்டியில் எழுதியிருப்பது மேலும் கீழுமாக இரட்டித்திருந்தால் பொத்தானைக் குத்தியிருக்கிறீர்கள். முன்பக்கம் கூர்மை, பின்பக்கம் மங்கல் என்றால் நேர் எதிரே வரும்வரை பொறுக்கவில்லை.