பெட்டியிலிருந்து சாவிக்கு

பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில் முதல் காட்சி தள்ளிப்போனால், திரையரங்கு வாசலில் இன்று அதிகம் காதில் விழுவது ‘இன்னும் கீ வரவில்லை’ என்பதுதான். முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே வாசலில் ‘இன்னும் பெட்டி வரவில்லை’ என்றார்கள். காத்து நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். ஆனால் பெட்டி வராத நாளில் படம் ஊருக்குள்ளேயே இருக்காது. கீ வராத நாளிலோ, முழுப் படமும், சில நேரம் இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே, ஆபரேட்டர் அறையில் இருக்கிறது. இருந்தும் ஒரு நொடிக் காட்சியைக்கூட ஓட்ட முடியாது. அது ஏன் என்பதுதான் இங்கே விளக்க வேண்டிய விஷயம்.

பழைய பெட்டியின் கனம் தெரிந்தால்தான் புதிய ஏற்பாட்டின் அருமை புரியும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள், அதாவது ஃபிரேம்கள். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓட வேண்டும் என்பதால் நொடிக்கு ஒன்றரை அடிச் சுருள் கருவிக்குள் போகும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி, அதாவது நான்கு கிலோமீட்டருக்கும் மேல். இதை ஏறக்குறைய இருபது நிமிட ரீல்களாகப் பிரித்துத் தகரப் பெட்டிகளில் அடைத்து, ரயிலிலும் பேருந்திலும் ஏற்றி அனுப்பினார்கள். ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகைகள் பங்கிட்டுக்கொண்டால், ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் வைத்து அடுத்த கொட்டகைக்கு விரைவதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். ரீல் முடியப்போகிறது என்பதற்கு அடையாளமாகத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டம் மின்னி மறையும். அதைக் கண்டதும் ஆபரேட்டர் இரண்டாவது புரொஜெக்டரை ஓடவிட்டு, அடுத்த வட்டம் தோன்றும் கணத்தில் ஒளியை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவார். நகரங்களில் ஓடித் தேய்ந்து சிற்றூருக்கு வரும் பிரிண்டில் கீறல்கள் விழுந்து, கதையில் வெயில் காய்ந்தாலும் திரையில் மழை பெய்துகொண்டிருக்கும்.

இந்தச் சுருளுக்கு மாற்றாக வந்த எண்முறைத் (டிஜிட்டல்) திரையிடலுக்குப் பொது விதிகளை வகுப்பதற்காக, ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் 2002இல் டி.சி.ஐ. என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அதன் முதல் விதித்தொகுப்பு 2005இல் வெளியானது. அதன்படி ‘2கே’ எனப்படும் படச்சட்டகம் ஒன்றில் 2048க்கு 1080 என, 22 லட்சம் புள்ளிகள் உண்டு. இரண்டரை மணி நேரப் படத்தின் 2,16,000 சட்டகங்களையும் சுருக்காமல் சேமித்தால் இரண்டு டெராபைட்டைத் தாண்டிவிடும். எனவே ஜேபெக் 2000 என்ற முறையில் ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியாகச் சுருக்குகிறார்கள். தொலைக்காட்சி ஒளிபரப்பைப்போல முந்தைய சட்டகத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதிவைக்கும் சிக்கனம் இங்கே கிடையாது. படத்தின் தரவு வேகம் நொடிக்கு 250 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆகவே இரண்டரை மணி நேரக் காட்சி அதிகபட்சம் சுமார் 280 ஜிகாபைட்டில் அடங்கிவிடும். ஒலியைச் சுருக்குவதே இல்லை.

இந்தத் தொகுப்புக்குள் படம், ஒலி, வசன வரி எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். எதற்குப் பின் எது ஓட வேண்டும் என்பதை ஓடுபட்டியல் ஒன்று சொல்லும். ‘படம் நீளம்’ என்று முதல் நாளே பேச்சு கிளம்பினால், அந்தக் காலத்தில் ஆபரேட்டரே கத்தரிக்கோலை எடுத்த கதைகள் உண்டு. இன்று, தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் பெற்ற பிறகு, திருத்திய ஓடுபட்டியலையும் மாறிய சில கோப்புகளையும் மட்டும் அனுப்பினால் போதும். ரீல் என்ற பொருளே இல்லாமல் போன பிறகும் இந்தக் கோப்புகளை இருபது நிமிட ‘ரீல்’களாகவே பிரிக்கும் பழக்கம் தொடர்வது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

இனி பூட்டுக்கு வருவோம். தொகுப்பு ஹார்டு டிஸ்கிலோ, செயற்கைக்கோள் வழியாகவோ, இணையத்தின் மூலமோ புறப்படுவதற்கு முன்பே ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையில், 128 பிட் நீளமுள்ள எண்களான சாவிகளால் பூட்டப்பட்டுவிடுகிறது. இத்தகைய சாவியாக அமையக்கூடிய எண்களின் எண்ணிக்கையை எழுதிப் பார்த்தால் அதுவே 39 இலக்கங்களுக்கு நீளும். ஒவ்வொன்றாக முயன்று திறப்பது நடக்காத காரியம். தொகுப்பைத் திருடிச் செல்பவருக்கும் பயனற்ற குப்பைத் தரவுதான் மிஞ்சும். ஆனால் அந்தச் சாவியைத் திரையரங்குக்கு எப்படி அனுப்புவது? அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினால் வழியில் எவரும் படியெடுத்துவிடலாமே.

இங்கேதான் கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் காணிக்கையை யாரும் போடலாம். போட்டவர்கூடத் திரும்ப எடுக்க முடியாது. திறவுகோல் வைத்திருப்பவர் மட்டுமே எடுக்கலாம். ஒவ்வொரு திரைக்கும் படத்தைச் சேமித்து ஓட்டும் கணினியான சர்வருக்கு இப்படி இரண்டு எண்கள் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சாவி, அதுதான் உண்டியலின் வாய். மற்றது சர்வருக்குள் இருக்கும் மீடியா பிளாக் என்ற பகுதியில் புதைந்து கிடக்கும் தனிச் சாவி. இரண்டு மாபெரும் பகா எண்களைப் பெருக்கி வரும், 600க்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண்ணிலிருந்து பொதுச் சாவி உருவாகிறது. பெருக்குவது எளிது, பெருக்கிய எண்ணிலிருந்து அந்த இரண்டையும் பிரித்தெடுப்பது இன்றைய கணினிகளால் ஆகாதது. படத்தைத் திறக்கும் சாவியை, குறிப்பிட்ட சர்வரின் பொதுச் சாவியால் பூட்டி அனுப்பும் சிறு கோப்புக்குத்தான் கே.டி.எம். என்று பெயர். வாசலில் நிற்பவர்கள் ‘கீ’ என்பது இதையே. முழுப் படத்தோடு ஒப்பிட்டால் இதன் அளவு ஒன்றுமே இல்லை. சாதாரண மின்னஞ்சலில் இணைப்பாகவே வந்துவிடும்.

ஆறு திரைகள் உள்ள வளாகத்துக்கு ஆறு கீ வேண்டும். சர்வர் பழுதாகி மாற்று சர்வர் வைத்தால் கீயையும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். எந்த நாள் எத்தனை மணிக்குத் திறக்கலாம், எப்போது காலாவதியாகும் என்பதும் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கடிகாரத்தைத் திருப்பி வைத்து ஏமாற்றலாமே என்றால், டி.சி.ஐ. விதிப்படி மீடியா பிளாக்கின் கடிகாரத்தை ஓர் ஆண்டில் ஆறு நிமிடங்களுக்கு மேல் நகர்த்த முடியாது. மூடியைப் பிரித்துக் கைவைத்தால் உள்ளே இருக்கும் தனிச் சாவி தானாக அழிந்துவிடும். நம் ஊர்த் திரையரங்குகள் எல்லாமே டி.சி.ஐ. விதிகளுக்கு முழுமையாக உட்பட்டவை அல்ல. செலவு குறைவான வேறு முறைகளும் இங்கே புழங்குகின்றன. பூட்டிவைத்துச் சாவியால் திறக்கும் ஏற்பாடு மட்டும் எல்லாவற்றிலும் உண்டு.

கீ தாமதமாவதற்குப் பெரும்பாலும் கணினி காரணமல்ல, கணக்குத்தான் காரணம். சுருள் காலத்தில் படத்துக்குக் கடன் கொடுத்த பைனான்சியரின் சம்மதம் இல்லாமல் லேப் பிரிண்ட் போட்டுத் தராது. அந்தப் பிடி இன்று கீயின் மீது விழுந்திருக்கிறது. பாக்கி தீர்ந்து சம்மதம் கிடைத்தால் அடுத்த சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான திரைகள் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். எண்முறைத் திரையிடலுக்குத் தயாரிப்பாளர்கள் கட்டும் கட்டணமும் சச்சரவுக்குத் தப்பவில்லை; அதை எதிர்த்து 2018 மார்ச் 1 முதல் தமிழ்த் திரையுலகில் பல வாரங்களுக்குப் புதிய படங்களே வெளியாகவில்லை.

கீ பொருந்தியதும் மீடியா பிளாக் ஒவ்வொரு சட்டகத்தையும் பூட்டு நீக்கி விரிக்கிறது. கூடவே கண்ணுக்குத் தெரியாத குறியையும் பதிக்கிறது. 35 பிட் நீளமுள்ள அந்தக் குறியில் எந்தக் கருவி, எந்த நேரம் என்பது அடங்கியிருக்கும். அரங்கில் கைப்பேசியால் திருட்டுத்தனமாக எடுத்த பதிவிலும் இது தங்கிவிடுவதால், எந்தத் திரையில் எடுத்தது என்பதை ஐந்து நிமிடத் துண்டிலிருந்தே கண்டறியலாம். அதன் பிறகு படம் புரொஜெக்டரின் சில்லுக்குப் போகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கிய இந்தச் சில்லில், தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய கண்ணாடிகள், புள்ளிக்கு ஒன்றாக, லட்சக்கணக்கில் பதிந்திருக்கும். ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து, ஒளியைத் திரைக்கு அனுப்பும் அல்லது விலக்கும். திரையின் பக்கம் அதிக நேரம் சாய்ந்திருந்தால் அந்தப் புள்ளி வெளிச்சமாகவும், குறைந்தால் மங்கலாகவும் தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிச் சில்லுகள் உண்டு.

குறித்த நாளில் கீ காலாவதியானால், அதே சர்வரில் அதே கோப்புகள் அப்படியே இருந்தாலும் படம் மறுபடி ஊமையாகிவிடும். ஓட்டம் தொடர வேண்டுமானால் வினியோகஸ்தரிடம் புதிய கீ கேட்க வேண்டும். இல்லையென்றால் ஆபரேட்டர் அந்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்து அழிப்பார், அப்போதுதான் அடுத்த வெள்ளிக்கிழமைப் படத்துக்கு டிஸ்கில் இடம் கிடைக்கும்.