வன்மத்தை விடலாம், பங்கை விட வேண்டாம்

தூக்கம் இல்லை, பி.பி. ஏறிவிட்டது என்றுதான் வருவார்கள். 'ஒருத்தர் மேல் வன்மம் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு யாரும் மனநல ஆலோசகரிடம் வருவதில்லை. பேச்சு கொஞ்சம் நீண்டால் பாகப்பிரிவினை தலை காட்டும். எங்கள் வேலூர் மாவட்டத்தில் காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, எந்தப் பக்கத்து ஆளானாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். அப்பாவின் காரியம் முடிந்த கையோடு, விவரம் சொல்லாமல், சொத்தில் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்து வாங்கிவிட்டார் அண்ணன். நிலம் போனதைவிட, "சீக்கிரம் போடும்மா, ஆபீஸ் மூடிடுவாங்க" என்று அவசரப்படுத்தியதுதான் அந்தத் தங்கைக்கு ஆறவில்லை. மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமனையே அழைக்கவில்லை. சித்தப்பா மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். இரவில் படுத்தால், அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்விகளை எல்லாம் மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பார்.

கோபம் கொட்டினால் அடங்கும். வன்மம் அப்படியில்லை. நினைக்கும்போதெல்லாம் உடம்பு புதிதாகச் சண்டைக்கு நிற்கிறது. தங்களைப் புண்படுத்தியவரை நினைத்துக் கறுவியவர்களுக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடியதை 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அளந்தே காட்டியது. கிழக்கு, மேற்கு ஜெர்மனி இணைந்த பிறகு வாழ்க்கை தலைகீழானவர்களைப் பார்த்த மனநல மருத்துவர் மைக்கேல் லிண்டன், 2003இல் இந்தத் தீராத கசப்பை ஒரு தனிக் கோளாறாகவே விவரித்தார். அதற்காகக் கோபக்கார மாமியாருக்கெல்லாம் கோளாறு என்று பெயர் ஒட்டிவிடாதீர்கள்.

"விடுங்க, மறந்துடுங்க" என்று சொல்வது உதவாது. கேட்பவருக்கு அது 'நீ ஏமாந்தது சரிதான்' என்றே காதில் விழும். நான் ஒன்று கேட்பேன்: ஏமாற்றியவர் என்ன செய்தால் இது தீரும்? 'என் பங்கு வேண்டும்' என்றால் அது வக்கீலிடம் போக வேண்டிய விஷயம். தாமதிக்கவும் கூடாது. ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, ஏமாற்றம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் பொதுவான கெடு. கறுவிக்கொண்டே அதைக் கோட்டைவிட்டவர்களைப் பார்க்கிறேன். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

'அவன் உருப்படவே கூடாது' என்று பதில் வந்தால்தான் என் வேலை ஆரம்பிக்கிறது. பகலில் ஒரு நேரம் வைத்து நடந்ததை எழுதச் சொல்வேன், படுக்கையில் வேண்டாம். பிள்ளைகளிடம் தினமும் ஒப்பிக்கவும் வேண்டாம். மாமன் முகத்தையே பார்க்காத பிள்ளைக்கும் அந்தப் பகை தொற்றிக்கொள்கிறது. அந்தத் தங்கை கேட்டதோ, 'தப்புதான்' என்று ஒரே ஒரு வார்த்தை. அண்ணன் இன்னும் சொல்லவில்லை. அதற்குக் காத்திருக்காமல் தூங்கப் பழகி வருகிறார்.

பழிவாங்கும் திட்டமோ சாகும் எண்ணமோ வந்தால் மட்டும் ஆலோசனைக்கு நாள் பார்க்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் போக பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது.