நீல வானத்தில் கிளாஸ் 3: மொரீஷியஸ் சிக்லோன் எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

பெரியம்மா வீட்டுச் சமையலறைக்கு இன்னும் தகரக் கூரைதான். மழைக்காலம் வந்தால் கூரை மேல் கல் ஏறும், அலமாரியில் டின் மீனும் மெழுகுவர்த்தியும் சேரும். ரேடியோவில் 'க்லாஸ் த்ருவா', அதாவது புயல் எச்சரிக்கையின் நான்கு படிகளில் மூன்றாவதான கிளாஸ் 3 என்று பிரெஞ்சில் அறிவித்ததும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "வானம் இப்படி நீலமா இருக்கே, இதுக்கா கிளாஸ் 3?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

வாக்வாவில் இருக்கும் வானிலைச் சேவை கவனிப்பது ஒரே எண்ணை: மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் திடீரென அடிக்கும் காற்று. அது வரக்கூடும் என்றால் 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே கிளாஸ் 1. அந்தக் காற்று வருவதற்கு முன் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி கிளாஸ் 2, 6 மணி நேரம் கிடைக்கும்படி கிளாஸ் 3. அந்தக் காற்று வீசத் தொடங்கி, இன்னும் நீடிக்கும் என்றால் கிளாஸ் 4.

வெறும் மணி நேரமில்லை, பகல் வெளிச்சம் என்பதைக் கவனியுங்கள். காற்று நள்ளிரவு 2 மணிக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் ஏழு மணி வாக்கில் இருட்டும். அப்படியானால் முந்தின நாள் மதியம் ஒரு மணிக்கே கிளாஸ் 3 ஏற வேண்டும். கூரையைக் கட்டவும் வீடு போய்ச் சேரவும் வெளிச்சம் வேண்டுமே. பெரியம்மா பார்த்த நீல வானம் அந்த நேரத்து வானம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. புயலின் பலத்தைச் சொல்லும் அளவுகோல் வேறு. பக்கத்துத் தீவான ரியூனியனில் இருக்கும் வட்டாரப் புயல் மையம் பத்து நிமிடச் சராசரிக் காற்றை வைத்துத் தரம் பிரிக்கிறது: 63 கி.மீ. தொட்டால் புயலுக்குப் பெயர், 118 தொட்டால்தான் 'சிக்லோன்', 212-ஐத் தாண்டினால் மிகத் தீவிரம். நம் கிளாஸ் பார்ப்பது சராசரியை அல்ல, திடீரென அடிக்கும் வீச்சை. அதனால் சிக்லோன் என்ற தகுதியே பெறாத புயலுக்கும் கிளாஸ் 3 வரலாம். அசுர பலம் கொண்ட ஒன்று தொலைவில் ஒதுங்கிப் போனால் கிளாஸ் 1-ஓடு முடிந்தும் போகலாம். புயல் எவ்வளவு பெரியது என்பதை கிளாஸ் சொல்லாது. நம் தீவுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்பதைத்தான் சொல்லும்.

அது சொல்லாத இன்னொன்று தண்ணீர். 2024 ஜனவரி 15, பொங்கல் நாள், பெலால் புயல் வந்தபோது காலையில் கிளாஸ் 3 இல்லை. மக்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அப்புறம் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். 2013 மார்ச் 30-இல் அதே நகரில் 11 பேர் இறந்தது சிக்லோனே இல்லாத மழையில். பின்னால் மலை, முன்னால் துறைமுகம், நடுவில் சிமென்ட் போட்டு ஒடுக்கிய ஓடைகள். கொட்டுகிற தண்ணீர் வேறு எங்கே போகும்? கனால் தாயோ போன்ற தாழ்ந்த இடத்தில் இருப்பவர்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. கனமழை எச்சரிக்கை தனியாக வருகிறது, அதையும் கேளுங்கள்.

காற்றைப் பொறுத்தவரை வீடுதான் கணக்கு. 1960 பிப்ரவரி இறுதியில் கரோல் புயல் 256 கி.மீ. வேகத்தில் அடித்தபோது மரவீடுகளும் ஓலைவீடுகளும் சரிந்தன, நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அரசு கான்கிரீட் வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டியது. 1975-இல் ஜெர்வேஸ் அதைவிட வேகமாக, 280 கி.மீ. வரை வீசியும் சாவு எண்ணிக்கை மிகக் குறைவு. தகரக் கூரை வீட்டில் இருப்பவர்கள் கிளாஸ் 4 வரை பார்க்காமல் அரசு திறக்கும் புகலிடத்துக்குப் போய்விடலாம். அங்கே மறக்காமல் பெயரைப் பதியுங்கள். இரவு தங்கியவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு அமைச்சு தரும் உதவித்தொகைக்கு அது தேவை.

சரி, வேலை? கிளாஸ் 3 அல்லது 4 அமலில் இருக்கும்போது நீங்கள் வேலைக்கு வராமல் இருக்க 2019-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது, சம்பளமும் பிடிக்க முடியாது. ஓட்டல் போன்ற இடங்களில் அந்த நேரத்தில் வேலை செய்தால் வழக்கமான சம்பளத்துக்கு மேல் தனிப் படியும் இலவசச் சாப்பாடும் உண்டு. கிளாஸ் 2-க்கு இந்த உரிமை இல்லை. பள்ளிகள் மூடும், அலுவலகம் மூடாது. பிள்ளையை யாரிடம் விடுவது என்று அம்மாக்கள் தவிப்பது இந்த இடைவெளியில்தான். எச்சரிக்கையை இறக்கிய பிறகு பஸ் ஓடத் தொடங்கினாலோ, முதலாளியே வண்டி அனுப்பினாலோ வேலைக்குத் திரும்ப வேண்டும். எனவே அறிவிப்பு ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் குறித்து வையுங்கள். பெரியம்மா இதைக் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி வைப்பார்.