குதிரைக் காலில் பொங்கும் சதை

முள்கம்பி வேலியில் மாட்டிக்கொண்ட குதிரைக்கு இரண்டு காயம் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்து தொங்குகிறது. பின்னங்கால் கணுவுக்குச் சற்று மேலே மூன்று விரல் அகலத்துக்குத் தோல் உரிந்திருக்கிறது. பார்க்கிறவர் பதறிப்போய் நெஞ்சைத்தான் கவனிப்பார். சில வாரம் கழித்து வந்து பாருங்கள். நெஞ்சுக் காயம் சுருங்கியிருக்கும். காலில் இருப்பதோ முதல் நாள் இருந்ததைவிடப் பெரிதாகி, நடுவில் செக்கச்செவேலென்று சதை பொங்கி நிற்கும்.

புண் மூடுவதற்கு உடம்பிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று, விளிம்புகளை உள்பக்கமாக இழுப்பது. காயத்தில் புதிதாக முளைக்கும் சதைக்குள் சுருங்கும் தன்மையுள்ள செல்கள் இருக்கின்றன. அவை சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதுபோல் சுற்றியுள்ள தோலை இழுத்து மூடும். இன்னொன்று, விளிம்பிலிருந்து புதிய தோல் செல்கள் ஊர்ந்து வந்து புண்ணைப் போர்த்துவது.

நெஞ்சிலும் விலாவிலும் தோல் தளர்வாக இருக்கிறது, இழுத்தால் வரும். குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழேயும் பின்னங்கால் மடக்குக்குக் கீழேயும் தசையே கிடையாது. எலும்பு, தசைநாண், அதன்மேல் காலுறை மாதிரி இறுக்கிப் பிடித்த தோல், அவ்வளவுதான். இழுப்பதற்கு மிச்சத் தோல் ஏது? போதாததற்கு அங்கே ரத்த ஓட்டமும் குறைவு, சூடும் குறைவு, ஒவ்வொரு அடிக்கும் மூட்டு அசைந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ஊர்ந்துதான் மூட வேண்டும். அந்த வேகத்தைக் கேட்டால் மலைப்பாக இருக்கும்: விலாவில் நாளொன்றுக்குச் சுமார் 0.2 மில்லிமீட்டர், காலில் 0.09. நாலு சென்டிமீட்டர் அகலப் புண் இப்படி ஊர்ந்தே மூட வேண்டுமானால், இரண்டு பக்கமிருந்து வந்தாலும் ஏழு மாதத்துக்கு மேல் ஆகும்.

அதற்குள் குறுக்கே வருவதுதான் பொங்கும் சதை. காயம் பட்டதும் வெள்ளையணுக்கள் படையெடுத்து வந்து குப்பையை அள்ளிவிட்டுக் கிளம்ப வேண்டும். மட்டக்குதிரையில் இது வேகமாக நடந்து முடிகிறது. பெரிய குதிரையில் மந்தமாகத் தொடங்கி வாரக்கணக்கில் இழுக்கிறது. வேலை முடியவில்லை என்ற சமிக்ஞை போய்க்கொண்டே இருப்பதால், பள்ளத்தை நிரப்ப வந்த சதை மேடு கட்டியும் நிற்பதில்லை. விளிம்பிலிருந்து வரும் தோல் செல்களால் சமதளத்தில்தான் ஊர முடியும், இந்த மேட்டில் ஏற முடியாது. அந்தச் சதைக்குள் நரம்பு கிடையாது, ரத்தக்குழாய்தான் ஏராளம். மருத்துவர் கத்தியால் சீவும்போது குதிரை சும்மா நிற்கும், ரத்தம் மட்டும் கொட்டும்.

சரி, காயம் பட்டவுடன் என்ன செய்வது? முதலில் குதிரையை அமைதிப்படுத்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியை எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தமும் பிய்ந்துவிடும். 500 கிலோ குதிரைக்குள் ஏறக்குறைய 40 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. தரையில் ஒரு குட்டை தேங்கியிருப்பதைப் பார்த்து நாம் மயங்கி விழ வேண்டியதில்லை.

அப்புறம் கழுவுவது. என்னைக் கேட்டால் மொத்த முதலுதவியும் இதுதான். ஒரு கிராம் திசுவில் கிருமி எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டினால் சீழ் பிடிக்கும் என்பது பழைய கணக்கு. கழுவக் கழுவ அந்த எண் இறங்கும். கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. பெரிய சிரிஞ்சில் எடுத்து ஓரளவு வேகத்தோடு பீய்ச்ச வேண்டும். ரொம்பவும் வேகமாக அடித்தால் அழுக்கு உள்ளேதான் போகும்.

பொவிடோன் அயோடின் சேர்ப்பதானால், கடையில் கிடைக்கும் 10 சதவீத மருந்தில் 10 மில்லி, ஒரு லிட்டருக்கு. நிறம் வெளிறிய தேநீர்போல இருந்தால் போதும். நீர்த்துப்போகும்போது அயோடின் தன்னைப் பிடித்துவைத்திருக்கும் பொவிடோனிலிருந்து கூடுதலாக விடுபடுவதால் இந்த அளவில் கிருமியைக் கொல்லும் வேகம் உண்மையில் அதிகம். அப்படியே ஊற்றினால் ஆற்ற வந்த செல்களும் சேர்ந்து சாகும். ஹைட்ரஜன் பெராக்சைடும் அதே கதை. அது நுரைப்பதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்; ரத்தத்திலும் திசுவிலும் உள்ள நொதி அதை உடைப்பதால் வரும் நுரை அது.

இவ்வளவும் மேலோட்டமான காயத்துக்கு. மூட்டுக்குப் பக்கத்தில் சிறு துளைதான் என்றாலும் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். துளையிலிருந்து வெளிர்மஞ்சளாக ஏதாவது கசிந்து, விரல்களுக்கு இடையில் எடுத்தால் நூலாக நீளுமானால் அது மூட்டு நீர். உள்ளே கிருமி போய்விட்டால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்குத்தான். குளம்பின் அடியில் ஆணி ஏறியிருந்தால், அது இன்னும் ஆழமாக இறங்காமல் பார்த்துக்கொண்டு, பிடுங்காமல் வையுங்கள். முனை எதைத் தொட்டிருக்கிறது என்று எக்ஸ்ரேதான் சொல்லும்.

இத்தகைய குறுகிய துளைகளில்தான் ரணஜன்னியும் (டெட்டனஸ்) வரும். அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் குதிரையின் சாணத்திலுமே இருக்கின்றன, காற்றுப் புகாத இடத்தில் முளைக்கின்றன. வளர்ப்பு விலங்குகளில் இதற்கு எளிதில் பலியாவது குதிரைதான். 1901-இல் செயின்ட் லூயிஸ் நகரில் குழந்தைகளுக்கு வரும் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய்க்கான மருந்தைத் தன் ரத்தத்திலிருந்து தந்துவந்த ஜிம் என்ற குதிரைக்கு ரணஜன்னி வந்தது. அதன் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் 13 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. ஆகவே காயம் எவ்வளவு சிறியதானாலும் தடுப்பூசிப் பதிவைப் பாருங்கள்.

கட்டு விஷயம் கொஞ்சம் சிக்கல். கட்டினால் அழுக்கும் ஈயும் அண்டாது, ஆனால் காலில் கட்டுக்குள்தான் சதை அதிகம் பொங்குகிறது. பள்ளம் நிரம்பும்வரை கட்டி, பிறகு எப்போது விடுவது என்பதை மருத்துவர் முடிவுக்கு விடலாம். ஒட்டாத துணி, மேலே தடிமனாகப் பஞ்சு, சீரான இறுக்கம். ஒரே இடத்தில் இறுக்கினால் தசைநாண் கெடும்.

பொங்கிய சதைக்கு மயில்துத்தம் தூவுகிற பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். புண்ணின் ஓரத்தை உற்றுப் பாருங்கள்: காகிதத் தடிமனில் வெளிறிய இளஞ்சிவப்பு வளையம் ஒன்று தெரியும். ஏழு மாதப் பயணத்தில் இருக்கும் புதுத் தோல் அதுதான். துத்தம் சதையோடு சேர்த்து அதையும் பொசுக்கிவிடும்.