சாட்சிக் கூண்டுக்கு முன்னால் ஏ.ஆர். புத்தகம்

சட்டம் சார்ந்த மருத்துவப் பாடத்தோடு மாதிரி நீதிமன்றமும் நடத்துகிறோம். பல கல்லூரிகளில் அது ஆண்டுவிழா நாடகம் மாதிரி முடிந்துவிடுகிறது. வாடகைக்குக் கறுப்பு அங்கி, மேசையில் தட்ட மரச்சுத்தி, ‘ஆர்டர் ஆர்டர்’, கீதை மேல் சத்தியம். நம் ஊர் நீதிபதி யாரும் சுத்தி தட்டுவதில்லை. 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டப்படி கடவுள் பெயரிலோ மனச்சாட்சிப்படியோ உண்மை சொல்வதாக உறுதி கொடுத்தால் போதும், புத்தகம் எதிலும் கை வைக்க வேண்டியதில்லை. கொஞ்சம் சிரிப்பு இருந்தால்தான் கடைசி பெஞ்சும் உட்கார்ந்திருக்கும், அதனால் அங்கியெல்லாம் இருக்கட்டும். ஆனால் வசனத்தை எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைப்பது வீண் வேலை.

நாங்கள் செய்வது வேறு. நீதிமன்றம் நடக்கும் நாளுக்குச் சில நாள் முன்பே, ஒரு மாணவரை ‘அடிபட்டவராக’ அனுப்பி, இன்னொரு மாணவரை விபத்துப் பதிவேடு, அதாவது காயத்தோடு வருபவரைப் பற்றி டாக்டர் எழுதி வைக்கும் ஏ.ஆர்., எழுதச் சொல்வோம். தலைக்காயத்தின் படமும் கையில் கொடுப்போம். எழுதியதை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவோம். பிறகு அதன் நகலும், நாங்களே தயாரித்த முதல் தகவல் அறிக்கையும் சட்டக் கல்லூரி மாணவர்கள் கைக்குப் போகும். எதிர்த்தரப்பு வக்கீலாக வருவது அவர்கள்தான். மருத்துவ மாணவரே வக்கீலாக நின்றால் தோழனை எதற்குச் சங்கடப்படுத்துவது என்று விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

ஏ.ஆர். எழுதிய மாணவர்தான் டாக்டராகச் சாட்சிக் கூண்டில் ஏறுவார். அரசுத் தரப்பு கேட்கும் முதல் விசாரணை சுமுகமாகப் போகும். குறுக்கு விசாரணையில்தான் வேடிக்கை.

“காயம்பட்டவர் வரும்போது சுயநினைவோடு இருந்தாரா?”

“இருந்தார்.”

“அவர் சொன்னதைத்தானே எழுதினீர்கள்?”

“ஆமாம்.”

“தெரிந்த மூன்று பேர் கட்டையால் அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். புகாரில் ஐந்து பேர் அரிவாளால் தாக்கியதாக இருக்கிறது. எது சரி?”

இங்கே மாணவர் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பார். நோயாளி பதற்றத்தில் இருந்திருக்கலாம், கூட வந்தவர்தான் பேசினார், நான் அவசரத்தில் இருந்தேன்... ஒவ்வொரு வாக்கியமும் வக்கீலுக்கு அடுத்த கேள்வி. சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: “என்னிடம் சொல்லப்பட்டதை எழுதினேன். எது சரி என்று எனக்குத் தெரியாது.” யார் குற்றம் செய்தார் என்று கண்டுபிடிப்பது டாக்டரின் கவலை அல்ல, உயிரைக் காப்பதே அவருடைய முதல் வேலை என்று 1985-இல் ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதற்காக ஏனோதானோவென்று எழுதிவிடவும் கூடாது. சொன்னது நோயாளியா கூட வந்தவரா, வந்த நேரம் என்ன, நினைவு இருந்ததா என்பதெல்லாம் பதிவேட்டில் இருந்தால் இந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.

அடுத்தது காயம். அந்தப் படத்தைப் பார்த்துப் பாதிப் பேர் ‘வெட்டுக்காயம்’ என்று எழுதுவார்கள். உச்சந்தலையில் தோலுக்கு நேர் கீழே எலும்பு. கட்டையால் அடித்தாலும் தோல் நேர்க்கோட்டில் பிளந்து, கத்தி பட்டது போலவே தெரியும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓரம் நசுங்கியிருக்கும், உள்ளே திசு இழைகள் அறுபடாமல் குறுக்கே ஓடும், முடிவேர்கள் நசுங்கியிருக்கும். அது கிழிந்த காயம். ‘வெட்டு’ என்று எழுதியவர், “அப்படியானால் கட்டையால் அடிக்கவில்லை, சரிதானே டாக்டர்?” என்ற கேள்விக்கு எங்கே போவார்?

“கீழே விழுந்தாலும் இப்படிக் காயம் ஏற்பட வாய்ப்புண்டா?” என்பது எல்லா வழக்கிலும் வரும் கேள்வி. நம் மாணவர்கள் ‘இல்லவே இல்லை’ என்று மல்லுக்கட்டுவார்கள். வாய்ப்பு இருந்தால் உண்டு என்று சொல்லிவிட வேண்டியதுதான். டாக்டரைக் கூப்பிட்டது அரசுத் தரப்பாக இருந்தாலும் வழக்கை ஜெயிக்க வைப்பது அவர் பொறுப்பல்ல. குறுக்கு விசாரணைக்குப் பின் வரும் மறு விசாரணையில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது அரசு வழக்கறிஞரின் வேலை.

இன்னொன்று, மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்காதீர்கள். நிஜத்தில் சம்மன் வரும்போது சம்பவம் நடந்து வருடங்கள் ஆகியிருக்கும். அப்போது நீங்களே எழுதிய ஆவணத்தை நீதிமன்ற அனுமதியோடு பார்த்துச் சொல்லலாம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 162-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது, கேட்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. கொடுங்காயம், அதாவது சட்டப்படி கடுமையான காயம், என்பதற்கான அடையாளங்களில் ஒன்றாகப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு 20 நாள் கடும் வலி அல்லது வழக்கமான வேலை செய்ய முடியாமை என்று சொன்னது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 116-ஆம் பிரிவில் 15 நாளாகிவிட்டது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய கணக்குதான். ஆக, இன்னும் பல வருஷம் இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எக்ஸ்ரே வருவதற்குள் ‘எளிய காயம்’ என்று எழுதிக் கொடுத்து, பிறகு எலும்பு முறிவு தெரியவந்தால் என்ன ஆகும் என்பதையும் மாதிரி வழக்கில் வேண்டுமென்றே நுழைத்துவிடுவோம்.

வேடம் பிரிக்கும்போது நீதிபதி நாற்காலிக்குத்தான் அடிதடி. நான் பரிந்துரைப்பது தட்டச்சர் வேடம். டாக்டர் இரண்டு நிமிடம் பேசியதில் கடைசியில் தாளில் ஏறுவது எத்தனை வரி என்று அவருக்குத்தான் தெரியும். டாக்டராக நிற்பவர் அந்த வாக்குமூலத்தை ஒருமுறை முழுதாகப் படித்து, ‘இடது’ ‘வலது’ மாறியிருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.