நோட்டில் எழுதினால் மனசு ஏன் அடங்குகிறது?

போன வருடம் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் இரண்டு மாதம் ஓட்டினேன். அப்போது எழுதிய 40 பக்க நோட்டு இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. முதல் மூன்று பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே வரிதான்: "பயமா இருக்கு. என்ன ஆகுமோ தெரியல." கையெழுத்து மட்டும் நாளுக்கு நாள் கோணலாகிக்கொண்டே போகிறது. நான்காம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "வேலை போவதைவிட, அதை அப்பாவிடம் சொல்ல வேண்டியிருக்குமே என்பதுதான் உறுத்துகிறது. அதனால்தான் மூன்று நாளாக அவர் போனை எடுக்கவில்லை." அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அந்த மூன்று பக்கம் செய்யாத எதை நான்காவது பக்கம் செய்தது? உளவியலாளர்கள் இந்தக் கேள்வியைச் சுமார் 40 வருடமாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆரம்பித்து வைத்தவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து 1986-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். 46 மாணவர்கள், நான்கு நாள், தினம் 15 நிமிடம். சிலருக்கு அறை எப்படி இருக்கிறது, செருப்பு எப்படி இருக்கிறது என்கிற மாதிரி சப்பைத் தலைப்புகள். மற்றவர்கள் வாழ்க்கையில் தங்களை உலுக்கிய சம்பவத்தை எழுத வேண்டும். அதிலும் பிரிவுகள் உண்டு: நடந்ததை மட்டும் எழுதியவர்கள், மனதில் பட்டதை மட்டும் எழுதியவர்கள், இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள்.

எழுதி முடித்த கையோடு பார்த்தால், உலுக்கிய சம்பவத்தை மனம்விட்டு எழுதியவர்களின் முகம் வாடித்தான் இருந்தது. பாரம் இறங்கிப் பறப்பதெல்லாம் உடனே நடக்கவில்லை. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், சப்பைத் தலைப்பு எழுதியவர்களைவிடக் குறைவாகவே கல்லூரி மருத்துவரைத் தேடிப் போனார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1994-ல் வெளிவந்த சோதனை. அதே டாலஸில், கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றிலிருந்து வெளியேற்றப்பட்ட பொறியாளர்கள். பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள், கடுங்கோபத்தில் இருந்தவர்கள். ஒரு பிரிவினர் வேலை போனதில் தங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஐந்து நாள், தினம் 20 நிமிடம் எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் வேலை தேடும் திட்டங்களை எழுதினார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முழுநேர வேலை கிடைத்திருந்தது. மற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான். இத்தனைக்கும் முதல் பிரிவினர் கூடுதலாக விண்ணப்பம் போடவும் இல்லை, கூடுதல் நேர்காணலுக்குப் போகவும் இல்லை. பழைய முதலாளி மேல் இருந்த ஆத்திரத்தை நேர்காணல் அறைக்குள் தூக்கிக்கொண்டு போகாததுதான் காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

சரி, காகிதத்தில் என்னதான் நடக்கிறது? பென்னிபேக்கர் அதற்காக ஒரு மென்பொருளே தயாரித்தார். எழுதியவர்களின் பக்கங்களில் எந்த மாதிரிச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதுதான் அதன் வேலை. அதிகம் பயனடைந்தவர்களிடம் ஒரு பாங்கு தெரிந்தது. முதல் நாளில் சிதறிக் கிடக்கும் எழுத்து, போகப் போகக் 'காரணம்', 'புரிகிறது', 'உணர்கிறேன்' போன்ற சொற்களால் நிறைகிறது. முதல் நாளே கதை தெளிவாக இருந்தவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை. குழப்பத்திலிருந்து கதைக்கு நகர்வதில்தான் சூட்சுமம். (தமிழில் இப்படி எண்ணுவது கொஞ்சம் சிரமம். 'போனதால்', 'சொன்னதால்' என்று காரணம் வினையின் வாலில் ஒளிந்துகொண்டிருக்கும்.)

தலைக்குள் ஓடும் கவலைக்கு முன்பின் கிடையாது. வாடகை, அப்பா, அலுவலகம், மறுபடி வாடகை என்று செக்குமாடு மாதிரி சுற்றும். எழுத உட்கார்ந்தால் அப்படிச் சுற்ற முடியாது. ஒரு சொல்லுக்குப் பின் இன்னொரு சொல்தான் வரும். வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டும், ஒரு முடிவு வேண்டும். ஒரே நேரத்தில் நம் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது நாலு விஷயம்போலத்தான். அதில் இரண்டைக் கவலை பிடித்துக்கொண்டால் மீதி இரண்டை வைத்துத்தான் சமையல், வேலை, பேச்சு எல்லாம். 2001-ல் கிளைன், போல்ஸ் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். புதிதாகக் கல்லூரிக்கு வந்ததைப் பற்றி மனம்விட்டு எழுதிய மாணவர்களின் செயல்படு நினைவு (இப்படி ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளும் திறன்), ஏழு வாரம் கழித்து மற்றவர்களைவிட அதிகம் தேறியிருந்தது.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதற்கும் தனிப் பலன் உண்டு. 2007-ல் மேத்யூ லீபர்மன் குழுவினர், கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி, மூளையை ஸ்கேன் செய்தார்கள். 'இது கோபம்' என்று சொல்லால் குறித்தபோது, மூளையில் அபாய மணி அடிக்கும் பகுதியான அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் வலப்பக்கம் உள்ள ஒரு பகுதி சுறுசுறுப்பானது. வெறுமனே 'ஒரு மாதிரியா இருக்கு' என்று எழுதுவதற்கும் 'அவமானமாக இருக்கிறது' என்று எழுதுவதற்கும் அங்கேதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

தூக்கம் வராதவர்களுக்கு ஒரு தகவல். 2018-ல் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் செய்து முடித்த வேலைகளை எழுதினார்கள். மீதிப் பேர் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ, தூக்கமும் அவ்வளவு சீக்கிரம் வந்தது. நான் நேர்மாறாக இருக்கும் என்று பந்தயமே கட்டியிருப்பேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு டைரியைச் சர்வரோக நிவாரணி என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். 2006-ல் ஜோஆன் ஃபிராட்டரோலி 146 சோதனைகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது பலன் இருப்பது உறுதியானது, ஆனால் சராசரியில் அது சின்னதுதான். அப்புறம், சிலருக்கு எழுத்து கெடுதலும் செய்யும். மண உறவு முறிந்த கொஞ்ச காலத்திலேயே அதைப் பற்றி எழுதச் சொன்ன ஒரு சோதனை 2013-ல் வெளிவந்தது. எதையும் திரும்பத் திரும்பக் கிளறும் சுபாவம் உள்ளவர்கள், பிரிவை எழுதியபோது தேறவில்லை; அன்றாடம் என்ன செய்தோம் என்று சாதாரணமாக எழுதியவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். செக்குமாடு காகிதத்திலும் சுற்றும் என்பதற்கு இதுவே சாட்சி. என் முதல் மூன்று பக்கமும் அந்த ரகம்தான்.

அதனால் நான் இப்போது ஒரே விஷயத்தைத்தான் கவனிக்கிறேன். மூன்றாம் நாளும் அதே வரி வந்தால் நோட்டை மூடிவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டேன், யாரைப் பார்த்தேன் என்று எழுதுகிறேன், அல்லது யாரிடமாவது பேசப் போகிறேன். தினமும் எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை மூன்று நாள், நாலு நாள் எழுத்தோடு முடிந்தவைதான்.

என் நோட்டிலும் அந்த நான்காம் பக்கத்துக்குப் பிறகு 11 பக்கம்தான் எழுதியிருக்கிறேன். மீதியெல்லாம் பால் கணக்கு.