கரையான் தின்ற வரி

படத்தின் மேல் பாதி ஒழுங்காக வந்தது. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம், அதற்கு முன்னால் பெரியப்பாவின் தலை, தோள். தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் சாம்பல் நிறம்.

படம் இருந்த ஹார்ட் டிஸ்க் கீழே விழவில்லை, கடகடவென்று சத்தமும் போடவில்லை. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு பீரோவில், துணிகளுக்கு நடுவே ஆறு வருடம் சும்மா கிடந்தது. மற்ற படங்கள் எல்லாம் திறந்தன. இந்த ஒன்றில் மட்டும் எங்கோ சில பிட்டுகள் கெட்டிருக்கின்றன. ஜேபெக் படத்தை இறுக்கிச் சுருக்கித்தான் சேமிக்கிறார்கள். முன்னால் வருவதைச் சரியாகப் படித்தால்தான் பின்னால் வருவது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். நடுவில் ஒரு இடம் கெட்டால் அங்கிருந்து கீழே எல்லாம் போச்சு. செத்துப் போன டிஸ்க் பரவாயில்லை, செத்தது நமக்குத் தெரியும். உயிரோடு இருந்துகொண்டே பொய் சொல்லும் டிஸ்க்கை என்ன செய்வது?

இந்தக் கேள்வியோடுதான் ஒரு சனிக்கிழமை சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி, கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தேன். வீட்டுக்கு ஒரு ஸ்டோரேஜ் சர்வர், அதாவது ஃபைல்களைச் சேமித்து வைப்பதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் கட்டுவதாகத் திட்டம். ரெடிமேட் பெட்டிகளும் கிடைக்கின்றன. ஆனால் அதே காசுக்கு அதில் இருக்கும் மதர்போர்டு ரொம்பச் சாதாரணமானது. அது கெட்டால் அதே நிறுவனத்தின் இன்னொரு பெட்டியைத் தேடி அலைய வேண்டும். நாமே சேர்த்துக் கட்டினால் எந்த உறுப்பு போனாலும் அந்த உறுப்பை மட்டும் மாற்றலாம்.

சர்வர் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வீட்டு நெட்வொர்க் கேபிள் ஜிகாபிட் வேகம் என்றால், நொடிக்கு அதிகபட்சம் 125 மெகாபைட்தான் போகும். அந்த வேகத்துக்கு ஃபைல் எடுத்துக் கொடுக்கப் பெரிய பிராசஸர் எதற்கு? ஒரு ஆபீசில் கழித்துக் கட்டிய ஐ3-8100 பிராசஸர், டிஸ்க் கேபிள் செருக ஆறு சாட்டா போர்ட் உள்ள மதர்போர்டு, 16 ஜிபி ரேம். மூன்றும் பழசு, மூன்றும் போதும். கேபினெட் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது வருகிற கேபினெட்டுகளில் கண்ணாடி இருக்கிறது, கலர் கலராக லைட் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் மாட்ட இடம்தான் இல்லை. கடைசியில் ஒரு கடைப் பரணிலிருந்து தூசி தட்டி ஒன்றை இறக்கினார்கள்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது எல்லா உறுப்புக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. ஹார்ட் டிஸ்க்கின் தட்டு, நின்ற நிலையிலிருந்து வேகம் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் கம்பியில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். நான்கு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் 8 ஆம்பியர், அதாவது 96 வாட். சுற்ற ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வாட் போதும். மலிவான எஸ்.எம்.பி.எஸ். இந்த முதல் மூச்சில்தான் திணறும். லேபிளில் 450 வாட் என்று போட்டிருக்கும், கையில் தூக்கினால் காலி டப்பா கனம்தான் இருக்கும்.

அடுத்தது டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று சுற்றுகிறது. அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் ஒரு முனை பறக்கிறது. தலைமுடியின் கனம் பல பத்தாயிரம் நானோமீட்டர். எழுதும் முனை அகலமானது, படிக்கும் முனை குறுகலானது. இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தி, ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதினால் அதே தட்டில் அதிகம் எழுதலாம் என்று கண்டுபிடித்தார்கள். நாட்டு ஓடு வேய்வது போலத்தான். எஸ்.எம்.ஆர். என்று பெயர். வேயும்போது சிக்கல் இல்லை. நடுவில் ஒரு ஓட்டை மாற்றச் சொல்லுங்கள், மேலே படிந்திருக்கும் வரிசையெல்லாம் பிரிக்க வேண்டும். ஒரு டிஸ்க் கெட்டு, புது டிஸ்க்கில் மணிக்கணக்காக இடைவிடாமல் எழுத வேண்டி வரும்போது இந்த வகை தவழ ஆரம்பிக்கும். அட்டைப் பெட்டியில் பெரும்பாலும் இதைப் போட மாட்டார்கள், மாடல் எண்ணை வைத்து டேட்டா ஷீட்டில் பார்க்க வேண்டும். வேண்டியது சி.எம்.ஆர்., அதாவது தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று படியாத வகை.

நான்கு 4 டெராபைட் டிஸ்க் வாங்கினேன், ஒரே கடையில் இல்லாமல் இரண்டு கடைகளில். ஒரே நாளில் தயாரான டிஸ்க்குகள் ஒரே சமயத்தில் போகக்கூடும் என்ற பயம். அந்தக் கடைகளில் ஒன்றில் சீல் உடைக்காத கவரில் தந்த டிஸ்க்கை வீட்டில் மாட்டி ஸ்மார்ட் பதிவை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் கணக்கைப் பார்த்தால், ஓடிய நேரம் 21,000 மணி என்றது. இரண்டேகால் வருடத்துக்கும் மேல் எங்கோ உழைத்துவிட்டு வந்திருக்கிறது. திரும்பப் போய்க் காட்டினேன். கன்னடத்தில் ஆரம்பித்த கடைக்காரர் என் கன்னடத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறி, "சார், எங்களுக்கும் அப்படித்தான் வந்துச்சு" என்று வேறு ஒன்றை எடுத்துத் தந்தார். வாங்கிய அன்றே பார்க்க வேண்டிய எண் அது.

அந்த வாரம் பெரியப்பா தங்கவயலிலிருந்து வந்திருந்தார். சுரங்கத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கத்தை மூடியபோது வெளியே வந்தவர்களில் ஒருவர். மேஜை மேல் வரிசையாக நான்கு டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, "நாலும் ஒண்ணுதானே, எதுக்குடா நாலு?" என்றார்.

பேரேட்டை வைத்துச் சொன்னேன். மூன்று பேருக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறீர்கள். 40, 25, 60. கீழே மொத்தம் 125. நடு வரியைக் கரையான் தின்றுவிட்டது. எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

"மொத்தத்துல இருந்து மத்ததைக் கழிச்சா 25."

கூடுதல் டிஸ்க் இந்த மொத்தத்தை வைத்துக்கொள்ளத்தான். அதற்குப் பாரிட்டி என்று பெயர். கம்ப்யூட்டரில் கூட்டலுக்குப் பதில் ஒற்றையா இரட்டையா என்று பார்க்கிறார்கள். முதல் டிஸ்க்கில் 1011, இரண்டாவதில் 0110, மூன்றாவதில் 1100 இருக்கட்டும். ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை 1 என்று எண்ணுங்கள். இரட்டைப்படை என்றால் 0, ஒற்றைப்படை என்றால் 1. கிடைப்பது 0001. இதை நான்காவது டிஸ்க்கில் வைக்கிறோம். இரண்டாவது டிஸ்க் செத்தால் மிச்சம் மூன்றையும் அதே மாதிரி எண்ணுங்கள்: 1011, 1100, 0001. விடை 0110. போன டிஸ்க்கில் இருந்தது அதுவேதான். பென்சிலும் காகிதமும் எடுத்து ஒரு முறை போட்டுப் பாருங்கள், எனக்கு இன்றைக்கும் இது கண்கட்டு வித்தை மாதிரிதான் இருக்கிறது. 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் இப்படி மலிவான சின்ன டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டுவதற்கு ரெய்டு என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சுருக்கத்தில் இருந்த 'ஐ' அப்போது 'விலை மலிவான' என்பதைக் குறித்தது. பிறகு அது 'தனித்தனியான' என்று மாறிவிட்டது. மலிவு என்று சொல்லி விற்க யாருக்கு மனசு வரும்?

பெரியப்பா விடவில்லை. "ரெண்டு வரியைத் தின்னுட்டா?"

இது வெறும் விதண்டாவாதம் இல்லை. ஒரு டிஸ்க் போய், 4 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் திரும்ப எழுத 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த 7 மணி நேரமும் மிச்சமுள்ள வயதான டிஸ்க்குகளை ஓய்வில்லாமல் படிக்கிறோம். வீட்டு டிஸ்க்குகள் பலவற்றின் டேட்டா ஷீட்டில், 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகளைப் படித்தால் படிக்க முடியாத பிழை ஒன்று வரலாம் என்று போட்டிருக்கும். கணக்குப் பார்த்தால் அது 12.5 டெராபைட். மூன்று டிஸ்க்கை முழுக்கப் படித்தாலே 12 வந்துவிடுகிறது. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, ஆனால் அதை நம்பி உட்கார எனக்கு மனம் வரவில்லை.

வழி இருக்கிறது. பேரேட்டில் இரண்டாவது மொத்தம் ஒன்று வையுங்கள். முதல் வரியை ஒன்றாலும், இரண்டாவதை இரண்டாலும், மூன்றாவதை மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் 40, 50, 180, ஆக 270. முதல் இரண்டு வரியும் போய்விட்டால், சாதா மொத்தத்தின்படி அவை இரண்டும் சேர்ந்து 65. பெருக்கிய மொத்தத்தின்படி முதலாவதும் இரண்டாவதின் இரு மடங்கும் சேர்ந்து 90. ஆகவே இரண்டாவது 25, முதலாவது 40. பெரியப்பா இதை மனக்கணக்கிலேயே போட்டுவிட்டுத் தலையாட்டினார். 1960-இல் ரீடு, சாலமன் இருவரும் கொடுத்த முறையின் எலும்புக்கூடு இதுதான். சி.டி.யில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடுவதற்கும், ஓரம் கிழிந்த கியூ.ஆர். கோடு கடையில் வேலை செய்வதற்கும் அதுவே காரணம். நான் இரண்டு டிஸ்க் அளவு இடத்தைப் பாரிட்டிக்கே விட்டேன். 16 வாங்கி 8 டெராபைட் பயன்படுத்துகிறேன். பாதி வீண் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், சொல்லட்டும்.

அப்புறம் அவர் கேட்டதுதான் உண்மையான கேள்வி. "கரையான் தின்னா ஓட்டை தெரியும். யாராச்சும் 25-ஐ 26-னு திருத்தி வச்சிருந்தா? மொத்தம் உதைக்கும், ஆனா எந்த வரி தப்புன்னு எப்படிச் சொல்லுவே?"

சாம்பல் நிறப் படத்தின் கதை இதேதான். ஒற்றைப் பாரிட்டிக்கு இங்கே பதில் இல்லை. எங்கோ தப்பு என்று தெரியும், ஆள் யார் என்று தெரியாது. கூகுள் 2007-இல் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, செத்துப் போனவற்றில் பாதிக்கு மேல் ஸ்மார்ட் பதிவின் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை. டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பிப் பயனில்லை.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2001-இல் உருவாக்க ஆரம்பித்து 2005-இல் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். என்ற, டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் மென்பொருள் இந்த இடத்தில்தான் வருகிறது. அது எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செக்சம், அதாவது அடையாள எண் கணக்கிடுகிறது. அந்த எண்ணைத் துண்டின் பக்கத்தில் வைப்பதில்லை. அந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் மேல்நிலைத் துண்டில் வைக்கிறது. அந்த மேல்நிலைத் துண்டின் எண் அதற்கும் மேலே. குமாஸ்தாவின் கூட்டலை அவரே சரிபார்க்காமல் ஹெட் கிளார்க் நோட்டில் எழுதி வைப்பது போல. படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால் திருத்தப்பட்ட வரி எது என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அதைக் கரையான் தின்றதாக வைத்துக்கொண்டு பாரிட்டியிலிருந்து மறுபடி கணக்குப் போட்டு, சரியானதை அங்கேயே எழுதிவிடும்.

இசட்.எஃப்.எஸ். உள்ள ட்ரூநாஸ் என்ற சர்வர் மென்பொருளைப் போட்டு ஓடவிட்ட மூன்றாவது மாதம் இது என் வீட்டிலேயே நடந்தது. மாதம் ஒரு முறை எல்லாத் துண்டுகளையும் படித்துச் சரிபார்க்கும் வேலை முடிந்ததும், மூன்றாவது டிஸ்க்குக்கு நேராக 14 செக்சம் பிழை. எல்லாம் திருத்தப்பட்டுவிட்டன என்றும் கீழே ஒரு வரி. டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து விலை பார்க்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். ஸ்மார்ட் பதிவைப் பார்த்தால் கெட்டுப் போன செக்டர் ஒன்றுமில்லை, ஆனால் 199-ஆம் எண் வரி மட்டும் ஏறியிருந்தது. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் வழியில் கெட்ட தரவின் கணக்கு. பெரும்பாலும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும், சில நழுவி வந்துவிட்டன போல. கேபினெட் மூடியைத் திறந்து விரலால் தொட்டதும் அந்த சாட்டா கேபிள் ஆடியது. மூடியை அழுத்திப் பூட்டும்போது நானே மடக்கியிருக்கிறேன். ஒரு கேபிள் மாற்றினேன், அந்த எண் அதோடு நின்றது.

பெங்களூரில் இன்னொரு பிரச்சினை, மே மாத சாயங்கால மழையும் அதோடு போகும் கரண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் தரவு புதுசு, பாரிட்டி பழசு என்று அரைகுறையாக நின்றுவிடலாம். இசட்.எஃப்.எஸ். இருக்கும் இடத்தில் அழித்து எழுதுவதே இல்லை. புது இடத்தில் முழுதாக எழுதி முடித்து, கடைசியாக உச்சியில் இருக்கும் குறிப்பை மட்டும் புது இடத்துக்குத் திருப்பும். நடுவில் கரண்ட் போனால் பழைய குறிப்பு அப்படியே நிற்கும். கடைசி சில நொடி வேலை போகலாம், மற்றது குழம்பாது. இருந்தாலும் ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்து, அது தகவல் கொடுத்ததும் சர்வர் தானாக அணையும்படி செய்திருக்கிறேன். சும்மா ஓடும்போது மொத்தப் பெட்டியும் 38 வாட் இழுக்கிறது, மாதம் 27 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 190 ரூபாய் சொச்சம்.

பிட் பிழையைத் தானே திருத்தும் இ.சி.சி. ரேம் இல்லாமல் இதெல்லாம் வீண் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. ரேமிலேயே பிட் புரண்டால், கெட்டதற்கே செக்சம் போட்டு வைத்துவிடும் என்பது அவர்கள் வாதம். தப்பில்லை. என் போர்டில் அந்த வசதி கிடையாது. ரேமை ஒரு ராத்திரி முழுக்கச் சோதனை ஓட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஊருக்குக் கிளம்பும் அன்று பெரியப்பா செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்: "புஸ்தகமே எரிஞ்சு போச்சுன்னா?"

வீட்டில் திருடு போனாலும், கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தாலும் பாரிட்டி ஒன்றும் செய்யாது. அழித்ததை நான்கு டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்து வைக்கும். அதற்கு வேறு ஊரில் ஒரு நகல் வேண்டும். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 8 டெராபைட் டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகல் எடுத்து, துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மாரிகுப்பம் ரயில் ஏறுகிறேன். தங்கவயலில் அவர் பீரோவில் இருக்கும் பழைய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டு வருவேன். அவர் சீரியல் எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்.

முதல் முறை போனபோது, "திறந்து காட்டு" என்றார். லேப்டாப்பில் மாட்டிக் காட்டினேன். சுரங்கப் படம் வந்தது. தோளுக்குக் கீழே அதே சாம்பல் நிறம். சர்வருக்குள் போகும்போதே கெட்டிருந்ததால், கெட்டதைக் கெட்டபடியே அது பத்திரமாக வைத்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தவர், பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்தார். உள்ளே அந்தப் படத்தின் பிரிண்ட், ஓரம் மட்டும் மஞ்சளாகி. கீழ்ப் பாதியில் அவர் கையில் ஒரு சாப்பாட்டு டப்பா இருந்தது. எனக்கு அது மறந்தே போயிருந்தது.